மூடு என்றால் எதை மூடுவது?

மலையில் இருந்த வருடங்களில் ஒரே ஒரு வினைச்சொல் என்னை விடாமல் துரத்தியது. மூடு. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே பள்ளத்தாக்கு இருக்கும். பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால் இருக்காது. "மூடிருச்சு" என்பார்கள் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில். எது மூடியது, எதை மூடியது என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. எழுவாய் கிடையாது, செயப்படுபொருள் கிடையாது. வெறும் வினை, அதற்குள் ஈரமாக நிற்கும் மரங்கள். இதைவிடச் சுத்தமான வாக்கியத்தை யார் எழுதிவிட முடியும் என்று நான் கிறங்கிக் கிடந்தேன். அதே சொல் ஒருத்தியின் பிழைப்புக்கு உலை வைக்கப் பார்க்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். சென்னையில் ஒரு வேலை, மதுரையில் ஒரு வேலை, இரண்டையும் உதறிவிட்டு வட்டக்கானலில் ஒரு தகரக்கூரை அறையை வாடகைக்குப் பிடித்திருந்தேன். அங்கிருந்த சின்னச் சின்ன விடுதிகள் சில ஒன்றுசேர்ந்து இணையத்தில் ஒரு தளம் வைத்திருந்தன. தினமும் காலையில் அதற்கு ஒரு பக்கம் எழுதித் தருவதுதான் என் வேலை. எந்த விடுதியில் அறை காலி, வத்தலக்குண்டு சாலை எப்படி, பழனி சாலை எப்படி, மழை உண்டா, பனி எவ்வளவு. மேலே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கான பக்கம். மூடுபனியைப் பார்த்து எழுதிச் சம்பளம் வாங்கிய ஆள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த விடுதிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு தொலைபேசி. அது விடுதிக்காரம்மா ஒருவருடைய வீட்டு முன்னறையில் இருந்தது. எடுத்துப் பேசுவதற்கு ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். பிறவியிலேயே பார்வை இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். வடகவுஞ்சிப் பக்கம் குடியேறிக் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்தார்கள். இவள் இங்கே பிறந்தவள். கீழே மதுரைப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, குரலையும் வாயையும் மூலதனமாக வைத்து மேலே வந்திருந்தாள்.

அதுவரை காலைப் பக்கத்தை விடுதிக்காரம்மாதான் அவளுக்குப் படித்துக் காட்டுவார். அவள் அப்படியே மனதில் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கச் சொல்லுவாள். அந்த வருடம் விடுதிக்காரம்மாவின் மகளுக்குப் பிரசவம். கோயம்புத்தூர் போய்ச் சில மாதம் இருந்தாக வேண்டும்.

"பூஜை லீவு கூட்டத்தைத் தனியாச் சமாளிச்சுக் காட்டு. இந்த சேர் ஒனக்குத்தான்" என்றார் அம்மா அவளிடம். "முடியலேன்னா தேனியிலேருந்து என் தங்கச்சி மகளை வரச்சொல்லிருவேன். பிஸினஸ் பாரு. கோவிச்சுக்காதம்மா."

"கோவிச்சா மட்டும் சேர் கெடைக்குமா மேடம்? நான் பாத்துக்குறேன்."

பாத்துக்குறேன் என்றுதான் சொல்லுவாள். நேத்து டிவி பாத்தேன் என்பாள். நான்தான் ஆரம்பத்தில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் நெளிந்தேன்.

அவளோடு படித்த தோழி ஒருத்தி ஒரு மென்பொருளைக் குறுந்தட்டில் போட்டுக் கொடுத்திருந்தாள். திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டுவது. விடுதிக்காரம்மாவின் பழைய கணினியில் அதை ஏற்றியாயிற்று. அது பேசி நான் முதன்முதலில் கேட்ட காலை இன்னும் என் உடம்பில் இருக்கிறது. பேச்சு என்றே எனக்குத் தெரியவில்லை. தகரத்தின் மேல் ஆலங்கட்டி கொட்டுகிற சத்தம். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, விசைப்பலகையில் விரல்களை வைத்து, அந்தக் கொட்டுக்குள் நிதானமாக உட்கார்ந்திருந்தாள்.

"இதுல என்னதான் புரியுது?"

"நீங்க எழுதுனதுதான்க்கா. 'மலை தன்மேல் ஒரு மௌனத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டது.' என்னாக்கா இது? போன் பண்றவன் ஸ்வெட்டர் எடுத்தாரணுமான்னு கேக்குறான். மௌனத்தைப் போத்திக்கிட்டு வாங்கன்னா சொல்லுவேன்?"

எனக்காக வேகத்தைக் குறைத்தாள். உலோகத் தொண்டையில் தமிழ். ல, ள, ழ மூன்றும் ஒரே பாயில் படுத்திருந்தன. ஆனாலும் என் வாக்கியம் அதில் இருந்தது. எழுதும்போது நான் நினைத்தது ஒரு தாள், அதன்மேல் கண். அவளுக்கு அது நடக்கிற இடம். தலைப்பிலிருந்து தலைப்புக்கு, இணைப்பிலிருந்து இணைப்புக்கு, ஓடையைக் கல் கல்லாகத் தாண்டுவதுபோல் தாண்டினாள். 'பழனி சாலை' என்றதும் நின்றாள். 'அறைகள்' என்றதும் திரும்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். இரண்டாவது கல்லிலேயே வழுக்கித் தண்ணீரில் விழுந்தேன். வெளியே நிஜமான பள்ளத்தாக்கு மூடியும் திறந்தும் விளையாடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. இந்தச் சின்ன அறைக்குள் இன்னொரு மலை இருந்தது.

வெள்ளனே வந்துவிடுவாள். நான் பக்கத்தை ஏற்றி முடிப்பதற்குள் "வெரசா போடுங்கக்கா, ஒரு பார்ட்டி லைன்ல கெடக்கு" என்று விரட்டுவாள். வந்து விழும் கேள்விகளுக்கு வேகமாகப் பதில் போகும். விடுதிக்காரம்மா உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டே பெட்டி அடுக்க ஆரம்பித்திருந்தார்.

பூஜை விடுமுறைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தளத்தில் ஒரு மாற்றம் வந்தது. விடுதிக்காரர்களுக்கு ஒரு நியாயமான ஆசை. பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் யாரென்றே தெரியவில்லை, முகவரி இருந்தால் சீசனுக்குச் சீசன் சொல்லி அனுப்பலாமே. தளத்தை வடிவமைத்த மதுரைக்காரர் கேட்டதைச் செய்து கொடுத்தார். பக்கம் திறந்ததும் எல்லாம் மங்கி இருண்டுபோகும். நடுவில் வெள்ளையாக ஒரு பெட்டி எழும். 'எங்கள் குடும்பத்தில் இணையுங்கள்' என்று மேலே. பெயர், மின்னஞ்சல். 'பெயரைப் பதிவு செய்க' என்று ஒரு பச்சைப் பொத்தான். மூலையில் மிளகளவு ஒரு பெருக்கல் குறி. அதற்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு மட்டும் எட்டும்படி 'மூடு' என்ற சொல்லை வைத்திருந்தார். அந்த மட்டுக்கும் அவர் நல்லவர். நிறைய பேர் அதைக்கூட வைப்பதில்லை.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. அவள் எடுத்தாள். "வணக்கம் சார், பாத்துச் சொல்றேன், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

குரல் ஓடியது. பெயர், எழுதுமிடம். மின்னஞ்சல், எழுதுமிடம். பெயரைப் பதிவு செய்க, பொத்தான். மூடு, இணைப்பு. பெயர், எழுதுமிடம். மின்னஞ்சல், எழுதுமிடம். செக்குமாடு மாதிரி அதே நாலு வரி. அவள் விரல்கள் முன்னே போயின, பின்னே போயின. எதிர்முனை வைத்துவிட்டது. அடுத்த அழைப்பும் அப்படியே போனது.

விடுதிக்காரம்மா வாசலுக்கு வந்தார். "நேத்து வரைக்கும் கிளிப்புள்ள மாதிரி ஒப்பிச்சே. இன்னிக்கு என்னாச்சு?"

"பக்கம் வரல மேடம்."

"எனக்கு வருதே? நல்லாத்தானே வருது."

அவள் மறுபடி விசையைத் தட்டினாள், மறுபடி அதே நாலு வரி. அம்மா என்னைத் திண்டாட்டத்தோடு வெளியே அழைத்துப் போனார். "பாவமாத்தாங்க இருக்கு. ஆனா சீசன் பாவம் பாக்காதுல்ல? தேனிக்கு போன் போட்டுச் சொல்லி வச்சிரட்டா?"

"ஒரு நாள் பொறுங்க" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மதியம் மழை. அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மூடுன்னு வருதுல்ல, அதை அழுத்து."

"அழுத்துனா?"

"மூடிடும்."

"அதான் அழுத்தல."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எதை மூடும்க்கா? நீங்களும் சொல்லல, அதுவும் சொல்லல. மூடுன்னு மட்டும் மொட்டையா அதட்டுது, வாயை மூடுங்குற மாதிரி. ஒருக்கா இப்புடித்தான் ஒரு மூடை அழுத்தித் தொலைச்சேன். எல்லாமே போயிருச்சு. மேடத்தை எழுப்பி மறுபடி போட்டுக் குடுக்கச் சொன்னேன். அதுலேருந்து மூடுன்னாலே கை வராது."

"பெட்டியைத்தான் மூடும். பக்கம் பின்னாடி இருக்கு."

"பெட்டியா? எந்தப் பெட்டி?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. கண்ணுக்குத்தான் அது பெட்டி. பின்னால் மங்கலாக எழுத்துகள் தெரிவதால்தான் அதற்குப் பின்னால் ஒன்று இருப்பது நமக்குத் தெரிகிறது. காதுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கேட்பதுதான் பக்கம். நேற்றுவரை சாலையும் மழையும் அறைகளுமாக இருந்த இடத்தில் இன்று நாலு வரி இருக்கிறது. அதில் கடைசி வரி மூடு என்கிறது. இருக்கிற கொஞ்சத்தையும் யார் மூடுவார்கள்? எழுவாய் இல்லாத வினை என்று நான் கொஞ்சிக்கொண்டு திரிந்த சொல். அது இவளை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"சரி, பேரைக் குடுத்துட்டு உள்ள போயிருக்கலாமே? ஏதோ ஒரு பேரு."

அவள் ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைப்பதுபோல, அவ்வளவு நிதானமாகப் பேச்சை எடுத்து வைத்தாள்.

"எங்கம்மா சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்தது. அங்க காலைல பெரட்டுன்னு ஆளெடுப்பு நடக்கும். பேர்னா அங்க சும்மா பேரு இல்லக்கா. ஒரு நாள் கூலி. கொழுந்து கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க. இன்னிக்குப் பேர் விழுந்துச்சான்னுதான் வீட்டுல கேப்பாங்களாம். அப்புறம் ஒரு நாளு வேற மாதிரி பேர் கேட்டு வந்தாங்க. யாரு இந்தியாவுக்குப் போறதுன்னு. எங்கம்மா குடுத்துச்சு. எங்க பெரியம்மா குடுக்கல. பேர் குடுத்தவங்க கப்பல்ல. குடுக்காதவங்க அங்கேயே. அக்கா தங்கச்சி அதுக்கப்புறம் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்குன்னு சொல்லாம எவன் பேர் கேட்டாலும் குடுக்காதன்னு சொல்லித்தான் அம்மா என்னை ஸ்கூலுக்கு அனுப்புச்சு. இதுவும் எதுக்குன்னு சொல்லல. குடும்பத்துல சேருங்குது. எந்தக் குடும்பத்துல? எனக்கு இருக்குற குடும்பமே போதும்."

மிளகளவு குறி, பச்சைப் பொத்தான். மதுரைக்காரர் ஒரு மதியத்தில் செய்து முடித்திருப்பார். அதற்குள் ஒரு பக்கம் கடலும் கப்பலும், இன்னொரு பக்கம் சாத்திவிடுமோ என்று பயப்பட வைக்கும் கதவும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி, கை விசைப்பலகையில், லைனில் ஆள் காத்திருக்க. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு பேர் நிற்கலாம் என்று கவிதை எழுதும் எனக்கே தோன்றியதில்லை.

"நான் இருக்கேன், அழுத்து" என்றேன்.

அழுத்தினாள். ஆலங்கட்டி கொட்டியது. "அடப்பாவி! இங்கனக்குள்ளதான் ஒளிஞ்சிக்கிட்டு இருந்துச்சா!"

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. அறைகள் நிமிடத்துக்கு நிமிடம் நிரம்பும், காலியாகும். ஒவ்வொரு அழைப்புக்கும் பக்கத்தைப் புதிதாகத் திறந்தாக வேண்டும். திறக்கும்போதெல்லாம் பெட்டி எழும், அவளைப் பிடித்துப் பெயர்க் கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். பூஜை விடுமுறையில் கூப்பிடுகிறவர்கள் யார் அதுவரை பொறுப்பார்கள்?

சாயங்காலம் மூவரும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்து மதுரைக்காரரைக் கூப்பிட்டோம். ஒலிபெருக்கியில் போட்டாள் அவள்.

"அந்தப் பெட்டியை எடுத்துடலாமா?" என்றேன்.

"மேடம், எல்லா சைட்டுலயும் இதான் இப்ப ட்ரெண்டு. கண்ணுல படணும்ல?"

"எனக்கே படலியே தம்பி" என்றார் விடுதிக்காரம்மா திடீரென்று. "மூலைல இன்டு மார்க் போட்டிருக்கீங்க. நான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன், டீச்சர் மாதிரி கம்ப்யூட்டர் தப்பு போட்டிருக்குன்னுல்ல நெனச்சேன். பேர் போட்டாத்தான் உள்ள விடும்னு என் சொந்த சைட்டுக்கு நானே பேர் குடுத்துட்டுப் போயிட்டிருக்கேன்."

அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். நல்லாத்தானே வருது என்று காலையில் சொன்ன குரல் இது. மதுரைக்காரரும் சிரித்தார். ஆனாலும் அம்மா விடவில்லை. "பேர் கேக்குறதே தப்புங்குறீங்களா? ஆள் வந்தா ரிஜிஸ்டர்ல எழுதுறோம்ல?"

"எப்ப எழுதுறீங்க மேடம்?" என்றாள் அவள். "நனைஞ்சு வர்றவங்களை வாசல்ல நிறுத்தி ரிஜிஸ்டரை நீட்டுனதை நான் ஒரு நாளும் கேட்டதில்ல. வாங்க வாங்கன்னு சத்தம் கேக்கும். டம்ளர் சத்தம் கேக்கும். இஞ்சி வாசம் வரும். அவங்க ஸ்ஸுன்னு ஒரு வாய் குடிச்சப்புறம்தான் உங்க பேனா டிக்குங்கும்."

அம்மா ஒலிபெருக்கியை விட்டு அவள் பக்கம் திரும்பினார். அவருக்கே தெரியாமல் அவர் செய்துவந்த ஒன்றை யாரோ ஒலியாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். "ஆமால்ல" என்றார் மெதுவாக. பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்துக் குனிந்தார். "தம்பி, பெட்டியைக் கீழ எறக்கிருங்க. மொதல்ல ரோடு, மழை, ரூமு. எல்லாம் குடுத்துட்டுக் கடைசில கேப்போம்."

"குறையும் மேடம், பேர் குடுக்குறவங்க குறைவாங்க."

"குறையட்டும். டீ குடிக்காமப் போறவங்களும் உண்டு."

அடுத்து என்ன சொற்கள் வைப்பது என்று பேசினோம். மின்னஞ்சல் அனுப்பப் பெயர் எதற்கு என்று அவள் கேட்டாள். பெயர்க் கட்டம் போனது. குடும்பம் போனது. என்னை எழுதச் சொன்னார்கள். நான் 'மலையின் மடல்' என்று ஏதோ ஆரம்பித்தேன். "அக்கா, மறுபடியும் போத்துறீங்க" என்றாள். கடைசியில் பக்கத்தின் அடியில் வந்தது இதுதான்: 'மலைச் செய்தி மின்னஞ்சலில் வேண்டுமென்றால் முகவரி கொடுங்கள். வேறெதற்கும் பயன்படுத்த மாட்டோம். வேண்டாமென்றால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.' பொத்தானில் 'மலைச் செய்தியை அனுப்புங்கள்'. மூடு எங்கேயும் இல்லை. மூடுவதற்கு ஒன்றும் இல்லை. நான் அதுவரை எழுதியதிலேயே அலங்காரம் இல்லாத வரிகள் அவைதான்.

அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது நல்ல மூட்டம். பாதை தெரியவில்லை. நான் தயங்கி அவள் பக்கம் நின்றேன்.

"என்னாக்கா, சினிமால மாதிரி நான் உங்க கையைப் புடிச்சுக் கூட்டிப் போவேன்னு பாக்குறீங்களா? எனக்கும் வழுக்கும். டார்ச் அடிங்க."

விடுமுறையின் முதல் காலை. முந்தின நாள் பெய்த மழை நிற்கவே இல்லை. பழனி சாலையில் வடகவுஞ்சிப் பக்கம் மரம் சாய்ந்து போக்குவரத்து நின்றிருந்தது. செய்தி வந்ததும் ஒரு உவமை இல்லாமல் பக்கத்தில் ஏற்றினேன். ஏற்றிய கையோடு தொலைபேசி அடித்தது.

பழனியிலிருந்து ஒரு குடும்பம். மலையில் சாமி கும்பிட்டு இறங்கியிருக்கிறார்கள், வண்டியில் கைக்குழந்தை, மேலே வரக் கிளம்பிவிட்டார்கள். அவள் ஒரு காதில் தொலைபேசி, மறுகாதில் கணினியின் குரல். ஒரே நேரத்தில் கேட்டாள், கேட்டபடியே பேசினாள். அந்த ஆலங்கட்டிச் சத்தம் அவளுக்குள் போய் மனிதக் குரலாக வெளியே வந்தது. நடுவில் இடைவெளியே இல்லை.

"சார், பழனி ரோட்டுல ஏறாதீங்க, வடகவுஞ்சிகிட்ட மரம் விழுந்து கெடக்கு. வத்தலக்குண்டு சுத்தி வாங்க, அந்தப் பாதை தெறந்திருக்கு. ரூம் ரெண்டு இருக்கு, கீழ்த்தளமாப் போட்டுர்றேன், புள்ளையத் தூக்கிக்கிட்டுப் படியேற வேணாம். ஸ்வெட்டர் கட்டாயம். பாப்பாவுக்குத் தொப்பி."

வைத்தாள். மறுபடி அடித்தது. பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள். எதுவும் எழும்பி வழிமறிக்கவில்லை. சாலை, மழை, அறை. மறுபடி. மறுபடி. நான் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ அருவிக்கு முன்னால் நின்றிருக்கிறேன், இப்படி வாயடைத்து நின்றதில்லை. இது முழுக்க அவளுக்குள் ஏற்கெனவே இருந்தது. குறுக்கே நின்றதை நாங்கள் எடுத்தோம், அவ்வளவுதான்.

விடுதிக்காரம்மா இஞ்சி டீயோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ. ஓய்ந்த ஒரு நொடியில் டம்ளரை அவள் கைக்குப் பக்கத்தில், சத்தம் வரும்படி, வைத்தார்.

"தேனிக்கு ஒரு கால் போட்டுக் குடும்மா."

அவள் முகம் இறுகியது. "என்னன்னு சொல்லணும் மேடம்?"

"என் தங்கச்சி மககிட்ட சொல்லணும். வரவேணாம், இங்க ஆள் இருக்குன்னு. நீயே சொல்லிரு, எனக்குப் பெட்டி கட்டுற சோலி கெடக்கு."

அம்மா உள்ளே போய்விட்டார். அவள் எண்களை அழுத்தாமல் கொஞ்ச நேரம் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மூடிக்கொண்டு வந்தது. எதிர்ச்சரிவு போனது, மரங்கள் போயின, வேலி போனது.

"அக்கா" என்றாள். "எங்கம்மாகிட்டச் சொல்லணும். இன்னிக்கு முழுப்பேரு."

ஒரு வாய் குடித்தாள். தேனிக்குப் போடுவதற்குள் தொலைபேசி மறுபடி அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க. ஆமாங்க, மூடித்தான் இருக்கு. பனிதாங்க மூடியிருக்கு. ரோடு தெறந்திருக்கு, வாங்க."